பெட்டி சொன்ன தேதி

ஏனுங்க, இந்த வண்டி நாலு மணிக்குள்ள கோயமுத்தூர் சிங்காநல்லூர் போயிருமுங்களா? கண்டக்டர் போயிரும்னுதான் சொல்றாரு. தாராபுரத்துல ஏறும்போதும் அதையேதான் சொன்னாரு, குண்டடத்துல கேட்டப்பவும் அதையேதான் சொன்னாரு. இப்பப் பாருங்க, பல்லடத்துக்குள்ள நொழையறதுக்கு முன்னாடியே நின்னுட்டோம். முன்னாடியும் லாரி, பின்னாடியும் லாரி. எறங்கி நடந்தாக்கூட இதவிட வெரசாப் போயிரலாம் போல இருக்குது.

இல்லீங்க, ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. பதட்டத்துல வேர்க்குது, அவ்வளவுதான். தண்ணி இருந்தா ஒரு வாய் குடுங்க. நெம்ப நன்றிங்க.

எம் பொண்ணு காலேஜ்ல சேர்றதுக்கு இன்னிக்கு அஞ்சு மணிதானுங்க கடைசி. கோயமுத்தூர் கவர்மெண்ட் காலேஜு, கம்ப்யூட்டர் சயின்ஸு. அஞ்சுக்கு மேல போனா அந்த சீட்ட எடுத்து அடுத்தவங்களுக்குக் குடுத்துருவாங்க. பன்னெண்டு வருசம் படிச்ச படிப்பு இன்னைக்கு ஒரு சாயங்காலத்துல போயிரும்.

பொண்ணு எங்கேன்னு கேக்கறீங்க. அதுதானுங்க பெரிய சங்கடம். உடுமலையில அவ மாமன் ஊட்டுக்குப் போயிருக்குது. அம்மாளும் கூடவே. நேத்துக் காலையிலயே கெளம்பிட்டாங்க. இப்ப எங்கூட்டுல, அதுதானுங்க எஞ் சம்சாரம், அவ போனுக்கு அடிச்சா தொடர்பு எல்லைக்கு வெளிய இருக்காங்கன்னு ஒரு பொம்பள சொல்லுது. சரி, மச்சானுக்கு அடிப்போம்னு அடிச்சா வேற யாரோ எடுத்து, யாருடா நீ, வாரத்துக்கு ஒருக்கா அடிச்சுத் தொல்லை பண்றீன்னு கேக்கறான். மச்சான் போன வருசமே நம்பர மாத்திட்டேன்னு சொன்னானுங்க. எனக்குப் பழைய நம்பர்தான் மனப்பாடம். அவன் எதுக்கு மாத்தோணும்? நல்ல நம்பரு.

அதனால சர்ட்டிபிகேட் ஃபைல மட்டும் பீரோவுல இருந்து எடுத்துட்டு நானே போறேன். பொண்ணு இல்லாம சேத்துக்க மாட்டாங்கன்னு தெரியும். இருந்தாலும் அப்பன் போய் நின்னா, கால்ல கையில விழுந்தா, ஒரு நாள் பொறுக்க மாட்டாங்களா? நீங்களே சொல்லுங்க, பொறுப்பாங்கல்ல?

இது எப்பிடி ஆச்சுன்னு கேட்டீங்கன்னா நம்ப மாட்டீங்க. எம் பேரு அர்த்தநாரி. தாராபுரத்துக்குத் தெக்க பொட்டக்காட்டுக்கு நடுவுல ஒரு இஞ்சினீரிங் காலேஜ் இருக்குதுங்க, அங்க நெட்வொர்க் எல்லாம் என் பொறுப்பு. சிஸ்டம் சார்னு சொன்னாத்தான் எல்லாருக்கும் தெரியும். குடியிருக்கறதும் உள்ளயே குவார்ட்டர்ஸ்ல. அந்தக் காட்டுக்குள்ள போன்ல சிக்னலே வராது. நெட்டுன்னா நம்ம வைஃபைதான். அதனால நான் போனுக்கு நெட் பேக் போடறதே இல்ல. நம்ம கையில ஒரு கடலே இருக்கும்போது போன்ல எதுக்கு ஒரு சொம்புத் தண்ணி?

கடல்னு சொல்லிட்டேன். நெசத்துல அது ஒரு சின்ன வாய்க்கால்தானுங்க. காலேஜுக்கு வெளிய இருந்து வர்றது ஒரே ஒரு லைன். ஹாஸ்டல் பசங்க, வாத்தியாருங்க, ஆபீசு, குவார்ட்டர்ஸு, எல்லாரும் அதுலதான் குடிக்கோணும். நான் வேலைக்குச் சேந்தப்ப ஒரு பக்கம் தொறக்கறதுக்குள்ள டீ குடிச்சுட்டு வந்தரலாம். காலேஜ நடத்தற கரஸ்பாண்டண்டுக்கு வாய் சும்மா இருக்காது. எல்லாருக்கும் முன்னாடி, ஏப்பா அர்த்தநாரி, உனக்குச் சம்பளம் குடுக்கறதுக்குப் பதிலா ஒரு தபால்காரனை வச்சுக்கலாம் போல இருக்குதுன்னாரு. அன்னிக்கு முடிவு பண்ணுனேனுங்க, இந்தாளு வாயாலயே சபாஷ் வாங்கறதுன்னு.

அதுக்குத்தான் நடுவுல ஒரு பெட்டி வச்சேன். ப்ராக்ஸி சர்வர்னு பேரு. பயந்துக்காதீங்க, சாம்பார் மாதிரிதான் விசயம். மெஸ்ஸுல ஆயிரம் பேர் சாப்பிடறாங்க. ஒவ்வொருத்தனுக்கும் தனித்தனியா அடுப்புப் பத்த வச்சு சாம்பார் வச்சுட்டா இருக்காங்க? ஒரு தடவ வெச்சு அண்டாவுல ஊத்தி, வர்றவனுக்கெல்லாம் கரண்டியில அள்ளி ஊத்தறாங்க. நம்ம பெட்டியும் அதுதான். மொதல்ல ஒரு பையன் ஒரு பக்கத்தக் கேப்பான். பெட்டி வெளிய போய், அந்தப் பக்கம் இருக்கற நெச சர்வர்கிட்ட வாங்கியாந்து அவனுக்குக் குடுக்கும். குடுக்கும்போதே தனக்கு ஒரு காப்பி வச்சுக்கும். அடுத்து அதே பக்கத்த எவன் கேட்டாலும் வெளிய போகாது. உள்ள இருக்கற காப்பிய எடுத்து நீட்டிரும். கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள வந்துரும். கேட்டவனுக்கு அது நெச சர்வர்ல இருந்து வந்துதா, பெட்டியில இருந்து வந்துதான்னு தெரியவே தெரியாது. அதுதான் அதோட அழகு.

நீங்க கேக்கறது சரிதானுங்க, சாம்பார் ஊசிப் போனா என்ன பண்றதுன்னு. நல்ல கேள்வி. உங்களுக்கு இருக்கற அறிவு எங்க டிபார்ட்மெண்ட் ஹெச்சோடிக்கு இல்ல. அதுக்கும் ஏற்பாடு இருக்குது. ஒவ்வொரு பக்கத்து கூடவும் அதோட சொந்தக்காரன் ஒரு சேதி சொல்லி அனுப்புவான். இத இத்தன நேரம் வச்சுக்கலாம், இத வச்சுக்கவே கூடாது, ஒவ்வொரு தடவையும் எங்கிட்ட வந்து கேளுன்னு. பெட்டி அதுக்குக் கட்டுப்பட்டு நடக்கோணும். நேரம் ஆயிருச்சுன்னா, போய், மாறியிருக்குதான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வரோணும். மாறலைன்னா பழசையே குடுக்கலாம்.

ஆனா பாருங்க, இந்தக் காலத்துல எல்லாப் பயலும், வச்சுக்காதே, எங்கிட்டயே கேளுன்னுதான் சொல்றான். பெரிய மனுசன் வேசம். அவன் சொல்றதக் கேட்டா அப்பறம் பெட்டி எதுக்கு? நான் பெட்டிக்கு உள்ள சொல்லி வச்சுட்டேன். அவன் என்ன வேணாச் சொல்லட்டும், நீ வச்சுக்கோன்னு. பூட்டுப் போட்ட பக்கங்க இருக்குது பாருங்க, நடுவுல இருக்கறவன் பாக்க முடியாதது, அதையும் பெட்டி பிரிச்சுப் பாத்து வச்சுக்கற மாதிரி ஒவ்வொரு மிசின்லயும் ஏற்பாடு பண்ணுனேன். இன்னொண்ணும் பண்ணுனேன். அதுல எனக்கு நெம்பப் பெருமை. பசங்க ரிசல்ட் வர்ற நாள்ல ரெஃப்ரெஷ் பட்டனப் போட்டு அமுக்கு அமுக்குன்னு அமுக்குவானுங்க. ஒவ்வொரு அமுக்குக்கும் பெட்டி வெளிய ஓடோணும். லைன் செத்துரும். அதனால ரெஃப்ரெஷ் அமுக்கினாலும் பெட்டி காதுல போட்டுக்காத மாதிரி வச்சுட்டேன். அவன் மனசுக்கு அமுக்கிக்கட்டும். பக்கம் பளிச்சுன்னு மறுக்கா வரும். ஆனா வர்றது அதே பழைய காப்பிதான்.

அதுக்கப்பறம் காலேஜே பறந்துதுங்க. ஆண்டு விழாவுல கரஸ்பாண்டண்ட் கையாலயே பொன்னாடை. கடைசியா ஒருத்தன் வேலை செய்யறானப்பான்னாரு. எங்கூட்டுல அந்தப் பொன்னாடைய மடிச்சு உள்ள வைக்கும்போது, ஏனுங்க, பழசையே குடுத்துட்டு இருந்தா புதுசு எப்பத்தான் வரும்னு கேட்டா. அவளுக்கு என்ன தெரியும்? வரும்போது வரும்னேன்.

கொஞ்சம் நகர்ந்த மாதிரி இருந்துதுங்களா? இல்ல, பக்கத்து வண்டிதான் நகந்துது.

பொண்ணு பேரு மிருதுளா. நல்ல மார்க்குங்க. ஏழாவது படிக்கும்போது என்னோட சர்வர் ரூமுக்கு வந்து, லைட்டெல்லாம் மினுக் மினுக்குன்னு எரியறதப் பாத்துட்டு, அப்பா, நானும் கம்ப்யூட்டர்தான் படிப்பேன்னு சொல்லுச்சு. அன்னிக்கே அது முடிவாயிருச்சு. அப்பறம் நான் அதக் கேக்கவே இல்ல. கேக்க என்ன இருக்குது? அதுதான் சொல்லிருச்சே. நடுவுல இந்த ரெண்டு வருசமா ஒரு பைத்தியம். அமராவதி ஆத்து மேல புதுப் பாலம் கட்டறாங்கன்னு ஸ்கூல் விட்டு வர்ற வழியில எறங்கிப் போய் நின்னுக்கும். வெயில்ல கறுத்துப் போயிருச்சு. கம்பி எப்பிடி வளைக்கறாங்க, தூண் எவ்வளவு ஆழம் போகுதுன்னு சோத்துல கைய வச்சுட்டே பேசும். அங்க வேலை பாக்கற பரணம்பாளையத்து மேஸ்திரி என்னப் பாத்து, உங்க பொண்ணு என்னையவே கேள்வி கேக்குதுங்கன்னு சிரிச்சாரு. கொழந்தைங்க அப்பிடித்தான். வெளையாட்டு. நாம அதையெல்லாம் கணக்குல எடுத்துக்கக் கூடாது.

கவுன்சலிங்குல விருப்பமெல்லாம் நானே ஒக்காந்து போட்டேன். மொதல்ல கோயமுத்தூர், கம்ப்யூட்டர். பாஸ்வேர்டும் நான்தான் வச்சேன், பாப்பா பொறந்த தேதி. அது பக்கத்துல நின்னு பாத்துட்டு இருந்துச்சு. என்ன பாப்பா, சரிதானேன்னேன். அது எப்பவுமே பேச்சுக் கம்மி. அந்த மார்க்குக்கு மொத எடமே கெடைச்சுது. நாளைக்குத்தான் போய்ச் சேர்றதுக்குக் கடைசி நாளுன்னு நெட்டுல கவுன்சலிங் ஆபீஸ் பக்கத்துல போட்டிருந்துது. நாளைக்கு. நானே என் கண்ணால பாத்தேன்.

போன வாரம் பாப்பா வந்து, அப்பா, தேதிய மாத்திட்டாங்களாமா, வாசுகி டீச்சர் மக டவுன்ல அவங்க அப்பா போன்ல பாத்துச்சாமான்னு சொல்லுச்சு. எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு. ஒடனே கம்ப்யூட்டர்ல தொறந்து பாத்தேன். அதே பக்கம், அதே தேதி. ரெஃப்ரெஷ் பண்ணுனேன். அதே தேதி. பாப்பா கண்ணு முன்னாடியே மறுக்கா மறுக்கா ரெஃப்ரெஷ் பண்ணிக் காட்டுனேன். பாத்தியா, எங்க மாறியிருக்குதுன்னேன். ஒருக்கா வெளிய போய் யாரு போன்லயாவது பாக்கலாமாப்பான்னு கேட்டுச்சுங்க. எனக்குக் கோவம் வந்துருச்சு. ஊர்ல எவனோ போன்ல பாத்தத நம்புவியா, பதினஞ்சு வருசமா இந்த நெட்டையே மேய்க்கற உங்கப்பன நம்புவியான்னு கேட்டேன்.

சரிங்கப்பான்னு சொல்லிட்டு உள்ள போயிருச்சு. உள்ள அம்மாளும் மகளும் குசுகுசுன்னு பேசிட்டு இருந்தாங்க. மறுநாளு ரெண்டு பேரும் டவுனுக்குப் போய்த் துணி எடுத்துட்டு வந்தாங்க. நேத்து, அண்ணன் ஊட்டுக்குப் போயிட்டு வர்றோம்னு பைய எடுத்துட்டாங்க. பை கொஞ்சம் பெருசாத்தான் இருந்துது. நாளைக்கு சாயங்காலம் வந்துருங்க, அடுத்த நாள் காலையில நேரமே கோயமுத்தூர் கெளம்போணும்னேன். எங்கூட்டுல வாசல்ல நின்னு, உங்களுக்கு ரசம் வச்சிருக்கறேன், ரெண்டு நாளைக்கு வரும்னு சொன்னா. வேற என்னமோ சொல்ல வந்த மாதிரி இருந்துது. பையத் தூக்கிட்டு எறங்கிட்டா.

எனக்கு ரசமே ஆகாதுங்க. அவதான் மறந்துட்டா. அவளுக்கு என்ன புடிக்கும்னு எனக்குத் தெரியும் பாருங்க. அரிசிம்பருப்பு சோறு. பொண்ணு பாக்கப் போனப்பவே சொன்னா. அதனால ஞாயித்துக்கெழமைன்னா எங்கூட்டுல அரிசிம்பருப்புதான், மாத்தவே விட மாட்டேன். அவ சலிச்சுக்குவா, அது அப்பப் புடிச்சதுங்கன்னு. வெக்கப்படறா.

இன்னிக்கு மதியந்தானுங்க எல்லாம் வெளிச்சமாச்சு. பெட்டிக்குள்ள டிஸ்க் ரொம்பிப் போச்சு. நிறுத்தித் தூசி தட்டி, பழசக் காலி பண்ணோணும். அதனால கொஞ்ச நேரத்துக்கு லைன நேரா விட்டேன். சும்மா இருக்கோமேன்னு கவுன்சலிங் பக்கத்தத் தொறந்தேன். வேற பக்கம் வருதுங்க. வேற எழுத்து. மேல செவப்புல, கல்லூரியில் சேரக் கடைசி நேரம் இன்று மாலை ஐந்து மணின்னு. எனக்குக் கீழ நாற்காலி இருக்குதா இல்லையான்னே தெரியல. பதினஞ்சு நாளைக்கு முன்னாடி மாத்தியிருக்கான். பெட்டி பதினஞ்சு நாளாப் பழச எடுத்து எனக்கு நீட்டிட்டு இருந்திருக்குது. எம் பெட்டி, எனக்கே.

இன்னும் என்னென்னமோ போட்டிருந்துது. விருப்பத்த மாத்திக்க நெனக்கறவங்க மாத்திக்கலாம்னு ஒரு வாரம் தொறந்து விட்டிருந்தாங்களாமா. அது நமக்கு எதுக்கு? நாமதான் மாத்தலையே. அத முழுசாப் படிக்காம ஓடியாந்தேன்.

தப்பு யாரு மேலங்க? சொல்லுங்க. அந்த ஆபீஸ்காரன் பக்கத்தோட பேர மாத்தி வேற பக்கமாப் போட்டிருந்தா பெட்டி புதுசா வாங்கியாந்திருக்கும். அதே பேர்ல உள்ள இருக்கறத மட்டும் மாத்தி வச்சுட்டான். வாசல்ல அதே பேர்ப் பலகை, உள்ள வேற ஆளுன்னா யாருக்குத் தெரியும்? கரஸ்பாண்டண்ட் இன்னொரு லைன் வாங்கிக் குடுத்திருந்தா நான் இத்தன இறுக்கிப் புடிச்சிருப்பேனா? எங்கூட்டுல இந்த நேரம் பாத்தா அண்ணன் ஊட்டுக்குப் போகோணும்? எல்லாருமாச் சேந்து எம் பொண்ணு தலையில கல்லப் போட்டுட்டாங்க. அது மூஞ்சிய நான் எப்பிடிங்க பாப்பேன்? ஏழாவதுல இருந்து ஆசைப்பட்ட படிப்பு. அப்பா, போச்சாப்பான்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?

இல்லீங்க, அழுகல. தூசி.

ஃபைலா? பாக்கலையே. பீரோவத் தொறந்தேன், மேலயே இருந்துது, எடுத்துட்டு ஓடியாந்தேன். சரிதான், ஒருக்கா பாத்துக்கறது நல்லதுதான். இது பத்தாவது மார்க் ஷீட்டு. இது பன்னெண்டாவது. இது சாதிச் சான்று. என்னுங்க? ஆமா, கறுப்பாத்தான் இருக்குது. ஜெராக்ஸு. இதுவும் ஜெராக்ஸு. எல்லாமே ஜெராக்ஸுங்க. ஒரிஜினல் ஒண்ணுகூட இல்ல.

சாமி, இப்ப நான் என்ன பண்ணுவேன்?

ஒரிஜினல் பீரோவுக்குள்ளயே எங்கயாவது பத்திரமா வச்சிருப்பாளுங்க. அதுதான் இருக்கும். திருட்டுப் பயம் அவளுக்கு. உடுமலைக்கு அத எதுக்குத் தூக்கிட்டுப் போகப் போறாங்க? விருந்தாளியாப் போறவங்க சர்ட்டிபிகேட்ட எடுத்துட்டா போவாங்க?

உங்க போன்லயா? நெட்டு இருக்குதுங்களா? அடப் பாவத்த, இத மொதல்லயே கேட்டிருக்கலாம். கவுன்சலிங்குல பாப்பாவோட பக்கத்துக்கே போயிரலாமுங்க. சீட்டு இன்னும் நம்ம பேர்லதான் இருக்குதான்னு அதுலயே தெரிஞ்சிரும். நீங்களே அடிங்க. அப்ளிகேசன் நம்பரு நான் சொல்றேன். பாஸ்வேர்டு அது பொறந்த தேதிதான்.

வந்துருச்சுங்களா? குடுங்க.

மிருதுளா அ. சரி. எம் பேரும் இருக்குது. திருநெல்வேலி. என்னுங்க இது, திருநெல்வேலின்னு போட்டிருக்குது? சிவில் இஞ்சினீரிங். சேர்க்கை உறுதி செய்யப்பட்டது. இன்னிக்குத் தேதி. இன்னிக்குக் காலையில.

இல்ல. இது தப்புங்க.

நீங்க சொல்ற மாதிரி இல்லீங்க. சேந்துட்டா சந்தோசம்னு சொல்லாதீங்க, யாரு சேந்தது? இது வேற யாரோ. பேர் ஒண்ணா இருக்கும். அப்பன் பேரும் ஒண்ணா இருக்கும், அதெல்லாம் இருக்கறதுதான். போட்டோவா? ஆமா, இருக்குது. காலேஜ்ல சேரும்போது அங்கயே புடிப்பாங்க. எம் பொண்ணு மாதிரிதான் இருக்குது. பச்சைச் சுடிதார், புதுசு. பின்னாடி தோள்மேல ஒரு கை தெரியுது பாருங்க, அந்த வளையல் எங்கூட்டுல வளையல் மாதிரிதான் இருக்குது. ஆனா இந்தப் புள்ள சிரிக்குதுங்க. பல்லுத் தெரியச் சிரிக்குது. எம் பொண்ணு போட்டோவுக்குச் சிரிக்கவே சிரிக்காது. சின்ன வயசுல இருந்தே அப்பிடித்தான். எனக்குத் தெரியாதுங்களா எம் பொண்ண?

உங்களுக்கு இதப் பத்தித் தெரியாது. போன் கம்பெனிக்காரனும் நடுவுல ஒரு பெட்டி வச்சிருப்பான். எல்லாரும் வச்சிருக்கான். இது எப்பவோ எதையோ வாங்கி வச்ச காப்பி. பழசு. பழசத்தான் நமக்கு நீட்டறான். ரெஃப்ரெஷ் அமுக்குங்க.

அதேதான் வருது. மறுக்கா அமுக்குங்க.

வண்டி நகருதுங்க. பாருங்க, நகருது. அஞ்சு மணிக்குள்ள போயிருவோம்.

எம் போனா அடிக்குது? ஆமா. எங்கூட்டுல தானுங்க கூப்புடறா. இத்தன நேரம் இல்லாத சிக்னலு இப்ப வந்திருக்குது.

அடிக்கட்டும், விடுங்க. அவ என்ன சொல்லுவான்னு எனக்குத் தெரியாதா? நீங்க அந்தப் பக்கத்த இன்னொருக்கா ரெஃப்ரெஷ் பண்ணுங்க.